மூன்று பட்டிச் செருப்பும் முப்பத்தெட்டு முறைப்பாடுகளும்

மஸீனா செய்த செருப்புக்கு அளவு கிடையாது. அவள் செய்த குற்றம் அதுதான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், பதினெட்டு வருடமாக அவள் பள்ளிக்கூடப் பைகள் தைத்து வந்தாள். பையின் பட்டியை இழுத்தால் நீளும், தள்ளினால் குறையும். தம்பி போட்ட பையை அண்ணனும் போடலாம். காலுக்கு மட்டும் இந்த வசதி ஏன் இல்லை என்ற யோசனை அவளுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் வந்தது. கணவர் முஹைதீனுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் கால்களைப் பார்ப்பாள். காலையில் ஒரு பருமனும் பின்னேரம் இன்னொரு பருமனுமாக இருக்கிற கால்கள். துணி சுற்றிய கால்கள். ரப்பர் செருப்பின் வாருக்குள் நுழைய மாட்டாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுமையாக வந்த கால்கள்.

மெத்தென்ற அடி ஒன்றை வெட்டி அதன்மேல் மூன்று பட்டி வைத்தாள். விரல்களுக்குப் பின்னால் ஒன்று, பாதத்தின் மேட்டில் ஒன்று, கணுக்காலைச் சுற்றி ஒன்று. மூன்றும் பைக்குத் தைக்கிற ஒட்டுப்பட்டிதான். பிரித்தால் சர்ரென்று சத்தம் போடும், வேண்டிய இடத்தில் வைத்து அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். கால் வீங்கினால் தளர்த்தலாம், வற்றினால் இறுக்கலாம். முதல் சோடியை முஹைதீன் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினார்.

"காலுல ஒண்டும் போட்ட மாதிரியே இல்ல," என்றார். அந்த மனிதரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

ஒரு வருடத்துக்குள் தெல்தோட்டையிலிருந்தும் பன்விலையிலிருந்தும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். பை தைப்பதை மஸீனா பாதியாகக் குறைத்துக்கொண்டாள். அலுமாரியில் நூற்றுப் பன்னிரண்டு சோடி தயாராக இருந்த நாளில்தான் கிருஷ்ணராஜ் மாடியேறி வந்தார்.

கிருஷ்ணராஜ், பாதணி ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கள உத்தியோகத்தர். அப்படியொரு அதிகாரசபை பத்து வருடத்துக்கு மேலாகக் கண்டியில் இருக்கிறது என்பது மஸீனாவுக்கு அன்றுதான் தெரியும். அவர் மரியாதையான மனிதர். வாசலில் தன்னுடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சைஸ் மிஸ்?"

"எல்லாருக்கும் போடலாம் சேர்."

"அது புரியுதுங்க. சைஸ் என்ன?"

"இறுக்கினா சின்னது, தளத்தினா பெரிசு."

கிருஷ்ணராஜ் புத்தகத்தில் எழுதினார்: 'உரிமையாளர் அளவை வெளிப்படுத்த மறுக்கிறார்.' பிறகு பையிலிருந்து மெழுகுவர்த்தி, அரக்கு, நாடா, முத்திரை எல்லாவற்றையும் எடுத்து அலுமாரியின் இரண்டு கதவுக்கும் சீல் வைத்தார். ஒரு தாளை நிரப்பி அவளிடம் நீட்டினார். பொறுப்பில் வைத்திருப்பவர்: மஸீனா. எவரிடமிருந்து பாதுகாக்கப்பட வேண்டும்: மஸீனா.

"அப்ப என்னை நானே பாத்துக்கொள்ளணுமா?"

"ஆமாங்க. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நீங்க உங்களைச் சோதனை பண்ணி, சீலை உடைக்கலன்னு ஒரு ரிப்போர்ட் அனுப்பணும்," என்றார் கிருஷ்ணராஜ். போகும்போது அலுமாரிக் கதவைத் தட்டிப் பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

மறுநாள் கஜலட்சுமி வந்தாள். பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். ஐம்பத்தொரு வயது. அவளுக்கும் சீனி. இடது கால் எப்போதும் ஊதியிருக்கும். மூன்று கிழமைக்கு முன் அவளுக்கென்று அளவெடுக்காமலே மஸீனா தைத்து வைத்த சோடி, அலுமாரிக்குள் மேல் தட்டில் இருந்தது.

கஜலட்சுமி கதவிலிருந்த அரக்கு முத்திரையைப் பார்த்தாள். ரப்பர் செருப்பின் வார் அறுத்த இடத்தில் விரலிடுக்கில் ஒரு புண் வந்திருந்தது. அதையும் காட்டினாள்.

"ஒரு சோடிதானே மசீனாம்மா. பின்பக்கப் பலகையைக் கழட்டி எடுத்துருங்க. யாரு பாக்கப் போறா?"

"நான்தான் பாக்கணும் அக்கா. கடுதாசில அப்பிடித்தான் ஈக்கி," என்றாள் மஸீனா. தன் குரல் தனக்கே நன்றாக இல்லை. "ரெண்டு கிழமை பொறுங்க. அதுக்குள்ள சரியாகும்."

கஜலட்சுமி பொறுக்கிற பழக்கம் உள்ளவள். சரியென்று போனாள்.

அதிகாரசபையின் கந்தோர், கண்டி வாவி தெரிகிற ஒரு மேட்டில் இருந்தது. வாசலில் 'ஒவ்வொரு காலும் எமது பொறுப்பு' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. உள்ளே முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்தார்கள். மஸீனாவுக்கு ஒரு படிவம் கிடைத்தது. ஐந்தாவது கேள்வி: பாதணியின் அளவு (ஒன்று மட்டும்). அவள் அதை வெறுமையாக விட்டாள். வெறுமையான படிவம் ஏற்கப்படாது என்று திரும்பி வந்தது. 'மாறும்' என்று எழுதினாள். மாறும் என்பது இலக்கம் அல்ல என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு பட்டியும் எத்தனை இடத்தில் ஒட்டும் என்று ஒருவர் கேட்டார். எங்கேயும் ஒட்டும் என்றாள். அப்படியானால் இது எண்ணற்ற பாதணிகள், எண்ணற்ற படிவங்கள் தேவை, அச்சகத்தில் அவ்வளவு இல்லை என்றார்கள். கடைசியில் விஷயம் ஏழு பேர் கொண்ட குழுவுக்குப் போனது.

குழு கூடிய நாளில் மஸீனாவையும் அழைத்திருந்தார்கள். இது செருப்பா அல்லது காயத்துக்குக் கட்டும் கட்டா என்று ஒரு மணித்தியாலம் பேசினார்கள். கட்டு என்றால் அது சுகாதாரப் பகுதிக்குரியது, அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். அனுப்பினால் எமது அதிகாரம் குறையும் என்றார் இன்னொருவர். உடனே அனைவரும் அது செருப்புத்தான் என்று ஒருமித்தார்கள்.

பணிப்பாளர் கலாநிதி ஸெய்னுலாப்தீன் மேசையின் தலைமாட்டில் இருந்தார். கறுப்புத் தோல் சப்பாத்து, நன்றாக மினுக்கியது, நாடா இரட்டை முடிச்சு. அவர் மஸீனாவைக் கனிவோடு பார்த்தார்.

"தங்கச்சி, உங்களுடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு தத்துவம் இருக்கிறது. மனிதனுடைய கால்தான் செருப்புக்குப் பழக வேண்டும். கடிக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும். அதுதான் ஒழுக்கம். செருப்பு காலுக்குப் பழக ஆரம்பித்தால் என்ன நடக்கும்? நாளைக்குப் படிவம் ஆளுக்குப் பழக வேண்டும் என்பார்கள். நாளன்றைக்குக் கந்தோர் சனங்களுக்குப் பழக வேண்டும் என்பார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு இங்கே என்ன வேலை?"

குழுவில் இரண்டு பேர் இந்த வசனங்களை எழுதிக்கொண்டார்கள். மஸீனாவுக்கு விளங்கவில்லை. சேர் கோபமாக இல்லை என்பது மட்டும் விளங்கியது.

பட்டியின் உறுதி பரிசோதிக்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. பத்தாயிரம் தடவை திறந்து மூட வேண்டும். அதற்கான இயந்திரம் அதிகாரசபையிடம் இல்லை. கிருஷ்ணராஜ் இருந்தார்.

அவர் கந்தோரின் மேல்மாடியில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மஸீனா கொடுத்த மாதிரிச் செருப்பு ஒன்றின் நடுப்பட்டியைத் திறந்து மூடி, தாளில் கோடு போடத் தொடங்கினார். சர்ர், அமுக்கு, கோடு. சர்ர், அமுக்கு, கோடு. ஒரு நாளைக்கு முந்நூறு. இரண்டாம் நாளே கணக்குப் பகுதியிலிருந்து சத்தத்தைப் பற்றி முறையிட்டார்கள். மேசையைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். இரண்டாயிரத்து நூற்று நாற்பதில் பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. பரிசோதனை இடைவிடாததாக இருக்க வேண்டும் என்று விதியில் இருந்ததால், விடுமுறை முடிந்து வந்து ஒன்றிலிருந்து தொடங்கினார். ஏழாயிரத்து முந்நூற்று ஆறில் அவருக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தது. மறுபடியும் ஒன்று. மஸீனா பதினைந்து நாளைக்கு ஒருமுறை தன்னைத் தானே சோதித்து அறிக்கை கொடுக்க வருவாள். கோப்பு அறைக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பாள்.

"எத்தனை சேர்?"

"நாலாயிரத்துப் பதினொன்னு. பேசாதீங்க மிஸ், கணக்கு விட்டுரும்."

ஐந்து மாதத்தில் பரிசோதனை முடிந்தது. கிருஷ்ணராஜின் வலது பெருவிரல் மடங்கவில்லை. "எனக்குக் கைதாங்க போச்சு," என்றார் அவளிடம் தணிந்த குரலில். "பட்டி அப்படியே இருக்கு."

அறிக்கையைப் பணிப்பாளரே வாசித்தார். "பரிசோதனையில் இப்பட்டி பத்தாயிரம் தடவையும் திறந்தது. ஒரு தடவையேனும் திறக்க மறுக்கவில்லை. இவ்வாறு திறக்கும் இயல்புடைய ஒன்றை, கட்டு எனச் சட்டத்தின்படி கொள்ள முடியாது. எனவே மூன்று பட்டிகளும் நிரந்தரமாகத் தைத்து மூடப்படின், அங்கீகாரம் வழங்கப்படலாம்."

மஸீனா தீர்ப்புக் கடிதத்தைக் கையில் வாங்கினாள்.

"தைச்சு மூடினா கால் எப்பிடி சேர் உள்ளுக்குப் போறது?"

"அது பாவனையாளருடைய விவகாரம் தங்கச்சி. நாங்கள் பாதணியோடு மட்டும்தான் சம்பந்தப்பட்டவர்கள்."

அவள் அந்தக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்த அன்று, மாடிப்படியின் அடியில் கஜலட்சுமி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கைத்தடி. மேலே ஏற முடியாததால் மருந்துக்கடைக்காரர் ஒரு கதிரை போட்டுக் கொடுத்திருந்தார். இடது பாதத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. துணி சுற்றிய பாதம் இருக்க வேண்டிய நீளத்தில் இல்லை.

"ரெண்டு வெரலு போயிருச்சும்மா," என்றாள் கஜலட்சுமி. பஸ் தவறிப்போனதைச் சொல்கிற குரல். "அந்தப் புண்ணுதான். மழையில ஊறி ஊறி, மலையில ஏறி எறங்கி... டாக்டர் ஐயா வெட்டாட்டிக் காலே போயிரும்னாரு. இனி மலைக்குப் போக முடியாது. அதான், அந்தச் சோடி இன்னும் இருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு."

மஸீனா படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழ வரவில்லை. ரெண்டு கிழமை பொறுங்க என்று சொன்னது தன் வாய்தான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அலுமாரியின் பின்பலகையில் நாலு ஆணிதான். தேநீர் ஊற்றுகிற நேரத்துக்குள் கழற்றியிருக்கலாம்.

"அக்கா," என்றாள் கடைசியில். "சோடி ஈக்கி. நான் எடுத்துத் தாறேன். அதுக்கு முந்தி எனக்கு ஒரு வேலை ஈக்கி."

மறுநாள் அதிகாரசபைக்குப் போய், சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டாள். பதினொரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு பிரதி இருந்தது. வெளியே கொண்டு போகக் கூடாது, கந்தோரிலேயே வாசிக்கலாம் என்றார்கள். மலசலகூடத்துக்குப் போகிற நடை ஓடையில் ஒரு தாழ்ந்த வாங்குப் பலகையைக் காட்டினார்கள்.

மஸீனா அதில் ஆறு நாள் உட்கார்ந்து நூற்று நாற்பது பக்கத்தையும் வாசித்தாள். முஹைதீன் பார்சல் கட்டிக் கொடுத்த சோற்றை மத்தியானம் அங்கேயே சாப்பிட்டாள். வாங்கு மிகவும் தாழ்வாக இருந்ததால் போகிறவர் வருகிறவரின் முகம் தெரியாது. கால்கள் தெரியும். கந்தோரில் உள்ள அத்தனை பேரும் ஒரு நாளைக்கு ஒரு தரமாவது அந்த வழியால் போக வேண்டும். அவள் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

பதினாலாம் பிரிவு சொன்னது: அங்கீகாரம் பெறாத பாதணியை எவரேனும் கண்டு முறைப்பாடு செய்தால், ஒரு வேலை நாளுக்குள் அதற்கு சீல் வைக்க வேண்டும். தவறினால் பணிப்பாளர் பதவியிலிருந்து இடைநிறுத்தப்படுவார். பத்தொன்பதாம் பிரிவு சொன்னது: சீல் வைக்கப்பட்ட பாதணி, அது கண்டெடுக்கப்பட்ட இடத்திலிருந்து அகற்றப்படலாகாது.

"இது வரைக்கும் எத்தனைக்கு அங்கீகாரம் குடுத்தீக்கி சேர்?" என்று கிருஷ்ணராஜிடம் கேட்டாள்.

கிருஷ்ணராஜ் பதிவேட்டைத் திறந்து காட்டினார். கோடு போட்ட வெள்ளைத் தாள்கள். "ஒன்னுக்கும் இல்லீங்க," என்றார். சொல்லிவிட்டு அவளையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அறிவில்லாதவர் அல்ல. ஆனாலும் பதிவேட்டை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு, முறைப்பாட்டுப் படிவங்கள் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்று கேட்காமலே சொன்னார்.

ஏழாம் நாள் காலை எட்டரைக்கு மஸீனா முப்பத்தெட்டு முறைப்பாடுகளை மூன்று பிரதிகளோடு கையளித்தாள். ஒவ்வொன்றிலும் நிறம், குதியின் உயரம், தேய்ந்த பக்கம், அணிந்தவர் பதவி. கிருஷ்ணராஜுடையதும் அதில் இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் வாசித்து, ஒவ்வொன்றிலும் திகதி முத்திரை குத்தினார்.

பணிப்பாளர் முதலில் சிரித்தார். சட்ட உத்தியோகத்தர் றலியா சிரிக்கவில்லை.

"பிரிவு ரெண்டும் நீங்கதான் எழுதினீங்க சேர். நாளைக்கு எட்டரைக்குள்ள சீல் வைக்காட்டி நீங்க வீட்டுக்குப் போகணும்."

"அது வெளியாட்களுக்காக எழுதியது."

"வெளியாட்கள் எண்டு எழுத மறந்திட்டீங்க சேர்."

கிருஷ்ணராஜ் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். கழற்றச் சொல்லி, கண்ட இடத்திலேயே ஒவ்வொன்றாகச் சீல் வைத்தார். தலைமை எழுதுநரின் சப்பாத்து படிக்கட்டின் நாலாவது படியில் நின்றது. கணக்காளரின் குதியுயர்ந்த செருப்பு போட்டோப் பிரதி இயந்திரத்துக்கு முன்னால். பணிப்பாளரைத் தேடிப் பிடித்தபோது அவர் மலசலகூட வாசலில் இருந்தார். கறுப்புச் சப்பாத்துச் சோடி அங்கேயே, கதவைப் பாதி மறித்துக்கொண்டு, அரக்கோடு நின்றது. கடைசியாகக் கிருஷ்ணராஜ் தன்னுடையதைக் கழற்றித் தன்னிடம் ஒப்புவித்து, பற்றுச்சீட்டில் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரம் நல்ல மழை. முப்பத்தெட்டு உத்தியோகத்தர்கள் வெறுங்காலோடு மேட்டிலிருந்து இறங்கி, சேறும் சரளையும் மிதித்து பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். மஸீனா வாவிக் கரையில் குடையோடு நின்று முழுவதையும் பார்த்தாள். கணக்காளர் ஒரு கல்லில் காலை வைத்து முகத்தைச் சுளித்தபோது, அவளுக்கு மனதுக்குள் இதமாக ஏதோ இறங்கியது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

அடுத்த நாள் அவர்கள் வேறு பாதணிகளோடு வந்தார்கள். மஸீனா வாங்கில் இருந்தாள். பத்து மணிக்கு இன்னொரு முப்பத்தெட்டு. அதற்கடுத்த நாள் கல்யாணச் சப்பாத்து, ஓட்டச் சப்பாத்து, ஒருவர் தோட்டத்துக்குப் போடுகிற கம்பூட்ஸ். இன்னொரு முப்பத்தெட்டு. நாலாம் நாள் எல்லோரும் வெறுங்காலோடு வந்தார்கள். கந்தோரில் நடப்பதற்கு இடமில்லை. சீல் வைத்த சோடிகளுக்கு இடையில் காலை வைத்து, கோப்புகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனார்கள்.

அதிகாரசபையின் பதினோராவது ஆண்டு விழா அடுத்த வாரம். கொழும்பிலிருந்து அமைச்சின் செயலாளர் வருவார். பணிப்பாளர் வெறுங்காலோடு மேடையேற முடியாது. அங்கீகாரம் பெற்ற ஒரு சோடியாவது வேண்டும். எனவே தன்னுடைய கறுப்புச் சப்பாத்துக்கு அவரே விண்ணப்பித்தார். அவருடைய இடது கால் எட்டு, வலது கால் எட்டரை. ஐந்தாவது கேள்வியில் எட்டு என்று எழுதினார். குழு ஒரே நாளில் கூடியது. நாடாவின் பரிசோதனைக்கு ஏழு பேர் இரவு பகலாக மாறி மாறி இருக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. பரிசோதனையின் ஐந்தாம் நாள் பத்தாயிரம் முடிந்தது. நாடாவும் பத்தாயிரம் தடவையும் திறந்திருந்தது.

"முந்தின தீர்ப்பு கோப்பில இருக்கு சேர்," என்றாள் றலியா. "திறக்கிறது கட்டு இல்ல. இப்ப மாத்திச் சொன்னா அந்த மனுசி நீதிமன்றத்துக்குப் போவா. தைச்சு மூடினாத்தான் அங்கீகாரம்."

"தைத்தால் கால் எப்படிப் போகும்?" என்று பணிப்பாளர் கேட்டார்.

காலை உள்ளே வைத்துக்கொண்டு தைக்கலாம் என்று கிருஷ்ணராஜ்தான் சொன்னார். தடித்த தோலைத் தைக்கக்கூடியவர் என்று அதிகாரசபையின் பதிவில் ஒரே ஒரு பெயர் இருந்தது. மஸீனாவுக்கு அழைப்புக் கடிதம் போனது.

அவள் வளைந்த ஊசியும் மெழுகு பூசிய நைலோன் நூலும் கொண்டு வந்தாள். பணிப்பாளர் கதிரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். அவள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, வலது காலிலிருந்து தொடங்கினாள். நாக்குத் தோலையும் இரண்டு பக்கத் தோலையும் சேர்த்து, ஓட்டைக்கு ஓட்டை இழுத்து, இரட்டைத் தையல். பள்ளிக்கூடப் பைக்கு அடியில் போடுகிற தையல், பத்துப் புத்தகம் தாங்கும்.

"கொஞ்சம் தளர்வாகத் தைக்கலாமா தங்கச்சி? வலது கால் பின்னேரங்களில் சற்று..."

"தளத்த ஏலாது சேர். அளவு மாறிடும்."

"நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள்."

மஸீனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கஜலட்சுமி எண்டு ஒரு ஆள் சேர். பன்வில. இடது காலுல ரெண்டு விரல். உங்கட கோப்புல பேர் இருக்காது."

அவள் இடது காலுக்கு மாறினாள்.

கொழும்பு வீதியில், கடுகண்ணாவையில் மண் சரிந்ததால் செயலாளரின் வருகை ஆறு நாள் பிந்தியது. அந்த ஆறு நாளும் கலாநிதி ஸெய்னுலாப்தீன் அங்கீகாரம் பெற்ற பாதணியோடுதான் இருந்தார். தையலை வெட்டினால் அங்கீகாரம் இரத்தாகும், சீல் வைக்க வேண்டி வரும். பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு குளித்தார். மனைவி படுக்கையில் பழைய பெட்சீட்டை விரித்துக் கொடுத்தார். நாலாம் நாள் அவர் கந்தோருக்கு ஓட்டோவில் வந்து, இரண்டு எழுதுநர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

விழாவில் அவர் பேசினார். "பதினொரு வருடப் போராட்டத்துக்குப் பின் எமது அதிகாரசபை முதலாவது அங்கீகாரத்தை வழங்கியிருக்கிறது என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். அதைப் பெற்றவன் நானே. இந்தப் பாதணி கழலாது. இதை அணிந்தவன் எங்கும் ஓட முடியாது, இடையில் எழுந்து போக முடியாது, ஆகவே கடமையில் நிலைத்திருப்பான். நாட்டு மக்கள் அனைவரும் இந்த நிலையை அடையும் நாளே எமது இலக்கு." பிறகு மேசையைப் பிடித்தார். பிறகு மேசைத் துணியைப் பிடித்தார். பூச்சாடிகளோடு சேர்ந்து கீழே போனார்.

செயலாளர் ஓர் அம்மா, தட்டையான செருப்பு போட்டவர். அவர் விழுந்தவரைப் பார்த்தார். வெறுங்காலோடு வரிசையில் நின்ற முப்பத்தேழு பேரைப் பார்த்தார். கட்டடம் முழுக்க அரக்கு ஒட்டி நின்ற நூற்றுப் பதின்மூன்று சோடியைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். கிருஷ்ணராஜ் முன்னால் வந்து, மஸீனாவின் அலுமாரியிலிருந்து தொடங்கி, திகதி ஒன்றும் விடாமல், இருபது நிமிடம் விளக்கினார். செயலாளர் இடையில் ஒரு முறை தண்ணீர் கேட்டுக் குடித்தார். முடிந்ததும் மாகாணத்தில் உள்ள எல்லாச் சீல்களையும் அன்று மத்தியானத்துக்குள் உடைக்கும்படி உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். மறு உத்தரவு வரும் வரை கந்தோரைப் பூட்டச் சொன்னார். தன் செருப்பை யாரும் பார்ப்பதற்கு முன் வாகனத்தில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் பணிப்பாளரின் சப்பாத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். இரண்டு பாதமும் பூசணிக்காய் போல் ஊதி, தையல் போன வழியெல்லாம் கொப்புளம் வந்திருந்தது. விரல்கள் பத்தும் இருந்தன. மூன்று மாதத்துக்கு மூடின சப்பாத்தே போடக் கூடாது, வாரும் உரசக் கூடாது, தளர்த்தி இறுக்கக்கூடிய பட்டி வைத்த செருப்பு ஒன்று கட்டுகஸ்தோட்டையில் ஒரு மனுசி செய்கிறாவாம், கேட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

அவர் கட்டுகஸ்தோட்டைக்குப் போனபோது மாடி பூட்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர், பன்விலைக்குப் போயிருக்கிறார்கள் என்றார்.

பன்விலையில், வேலைக்காரரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு முன்னால், மஸீனா நூற்றுப் பன்னிரண்டு சோடியையும் மேசையில் அடுக்கியிருந்தாள். முதல் சோடியை விற்பதற்கில்லை என்று எடுத்துக் கஜலட்சுமியின் மடியில் வைத்தாள். கஜலட்சுமி போட்டுப் பார்த்தாள். விரல் இல்லாத பக்கத்துப் பட்டியை நன்றாக இறுக்கினாள். எழுந்து தடியில்லாமல் பத்து அடி நடந்தாள். பிறகு வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பட்டி கட்டிக் காட்டத் தொடங்கினாள். அன்று முதல் அவள் மஸீனாவோடுதான் வேலை.

ஸெய்னுலாப்தீன் வந்தபோது வரிசை லயத்து வீடுகளின் முடுக்கு வரை நின்றது. அவர் தகரக் கொட்டகை ஓரமாக, இரண்டு காலிலும் துணி சுற்றிக்கொண்டு, கொழுந்துக் கூடைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். ஓட்டோக்காரன் காத்திருக்க முடியாதென்று போய்விட்டான். ஒன்றரை மணித்தியாலத்தில் அவர் மேசையை அடைந்தார். மேசையில் ஒரு சோடியும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று இருந்தது.

"தங்கச்சி," என்றார். குரலில் தலைமாட்டு மேசை இல்லை. "டாக்டர் சொன்னார். நான் நடந்ததெல்லாம்... ஒரு சோடி."

மஸீனா அந்தச் சோடியை எடுத்தாள். அவருடைய கால்களைப் பார்த்தாள். உண்மையான கால்கள்தான், உண்மையான வலிதான். அவருக்குப் பின்னால் ஒரு கிழவி நின்றாள், அவளுக்கு ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஊதியிருந்தது. மஸீனா அவரைத் தாண்டிக் கையை நீட்டி, சோடியைக் கிழவியிடம் கொடுத்தாள்.

"அடுத்தது எப்ப வரும்?" என்று அவர் கேட்டார்.

"சொல்ல ஏலாது சேர்."

மேசையை மடித்தார்கள். முஹைதீன் த்ரீவீலைக் கொண்டுவந்தார். மஸீனாவும் கஜலட்சுமியும் ஏறினார்கள். மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர், முழுக்கக் கூர்ச் சரளை. வண்டி அவரைத் தாண்டிப் போனபோது அவர் பாதையோரமாக, சூடான சட்டியில் வைப்பதுபோல் ஒவ்வொரு காலாக வைத்து நடந்துகொண்டிருந்தார். கையைக் காட்டினார். முஹைதீன் மனைவியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைக்கவில்லை.

கஜலட்சுமி மட்டும் திரும்பி, வளைவு வரும் வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ரொம்ப வலிக்குது போல மசீனாம்மா," என்றாள்.

"நிப்பாட்டச் சொல்லட்டா அக்கா?"

கஜலட்சுமி முன்பக்கம் திரும்பி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வேணாம்," என்றாள். "மெதுவா நடந்து வரட்டும்."